தண்ணீரில் அவித்த இலை

"குஞ்சு, அம்மா எல்லாத்தையும் சொல்லப்போறன்."

இப்படித்தான் தொடங்கினேன். காவல்துறைப் பணிமனையில் வாக்குமூலம் எழுதுகிற ஐயா முதலில் பெயர், வயது, இடம் சொல்லுங்கள் என்றார். என் பெயர் யோசெப் யூலிற்றா. வயது நாற்பத்துநான்கு. இடம் முள்ளிவாய்க்கால். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். கணவர் யோசெப் கடற்றொழில். குஞ்சு என்பது இந்தப் பங்குனி 20ஆம் திகதி இறந்த என் மகள் டக்சாயினி, வயது பத்தொன்பது. அக்கராயனில் நாட்டு வைத்தியம் செய்கிற அப்புத்துரைப் பரியாரியார் கொடுத்த மருந்தால்தான் அவள் செத்தாள் என்று என் கணவர் முறைப்பாடு கொடுத்து, பரியாரியாரை இங்கே மறித்து வைத்திருக்கிறார்கள். அது பிழை என்று சொல்ல நானாகவே வந்தேன்.

மகளுக்குக் கழுத்திலும் வயிற்றிலும் புற்றுநோய்க் கட்டிகள். கொழும்பில் இரண்டு முறை மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் முறைக்குப் போக முன்னம் சண்டையால் பாதை பூட்டிவிட்டது. அதன் பிறகு சோற்று மணம் பட்டாலே வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வரச் சத்தியெடுத்தாள். தை மாதக் கடைசியில் நான் பஸ்ஸில் தனியப் பரியாரியாரிடம் போனேன். அவர் மகளின் கிளினிக் கொப்பியைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, புற்றை மாத்துற மருந்து என்னட்டை இல்லை. பொய் சொல்லமாட்டன். சத்தியை நிப்பாட்டி நாலு வாய் சாப்பிடப் பண்ணலாம்" என்றார். அதன் பிறகு மருந்துக்கென்று வளர்த்த கஞ்சா இலை ஒரு பொட்டலம் தந்து, பசுநெய்யில் மெல்லிய நெருப்பில் காய்ச்சி வடித்துக் காலையில் அரைத் தேக்கரண்டி கொடுக்கச் சொன்னார். "நெய்யிலைதான் இது இறங்கும். தண்ணியிலை அவிச்சால் சக்கைதான். விளங்குதோ?" ஓம் என்றேன். வீட்டுக்கு வந்து மகளுக்கும் அதை அப்படியே சொன்னேன். கணவருக்கு என்ன இலை என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சத்தி நின்றது. "அம்மா, ஒடியல் கூழ் காய்ச்சுங்கோ. நண்டு கூடப் போடுங்கோ" என்றாள். இரண்டு கோப்பை குடித்தாள். "கஞ்சாக்காரி எண்டு உங்களைத்தான் பிடிக்கப்போறாங்கள். பயப்படாதேங்கோ, நான் சோறு கொண்டுவந்து தருவன்" என்று சிரித்தாள்.

மாசி 17 விபூதிப் புதன், தபசுகாலம் தொடங்குகிற நாள். மகளுக்குச் சுகம் வரவேண்டுமென்று மாதாவுக்கு நேர்ந்திருந்தேன். தபசுகாலம் முழுக்க இறைச்சி, பால், நெய் எங்கள் குசினிக்குள் வராது என்று நேர்த்தி, அது மகளுக்கும் தெரியும். மீனை நேரவில்லை, மீன் இல்லாமல் எங்களுக்குச் சீவியம் இல்லை. நெய்ப் போத்தலைத் துணியால் கட்டி அலுமாரிக்கு மேலே வைத்தேன். அதன் பிறகு இலையைத் தண்ணீரில் அவித்தேன். மருந்து இலையில்தானே இருக்கிறது, நெய் ருசிக்குத்தானே என்று நினைத்தேன். இல்லை, ஐயா, அதை வெட்டிவிட்டு எழுதுங்கள். பரியாரியார் சொன்னது எனக்கு நினைவிருந்தது. நேர்த்தியை முறித்தால் மாதா பிள்ளையை எடுத்துவிடுவா என்று பயந்தேன்.

மகள் குடித்துவிட்டு, "இது வேறை மாதிரிக் கிடக்கு" என்றாள். அதே மருந்துதான் என்று பொய் சொன்னேன். நாலாம் நாள் சத்தி திரும்பியது. அதன் பிறகு இலையைக் கூட்டிப் போட்டேன், தண்ணீர்தான் பச்சையானது. ஒவ்வொரு காலையும் மறுக்காமல் குடித்தாள். கஞ்சித் தண்ணியும் தங்கவில்லை. கடைசிக் கிழமை அவளைத் தூக்கிக் கழுவ எனக்கு ஒரு கை போதுமாயிருந்தது. பங்குனி 20 காலை பத்து மணிக்கு இறந்தாள்.

அடக்கத்துக்குப் பிறகு என் மச்சாள் குசினியில் பொட்டலத்தைக் கண்டு, "கஞ்சாவைக் குடுத்தெல்லோ பிள்ளையைக் கொண்டுபோட்டான் பரியாரி" என்று கத்தினாள். கணவர் என்னைப் பார்த்தார். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு முறைப்பாட்டுக்குப் போனதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். நேற்றுத்தான் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "வருத்தக்காரருக்கு ஒருசந்தி விரதமும் இல்லை, இறைச்சி விலக்குற சுத்தபோசனமும் இல்லை. என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, யூலிற்றா" என்றார். கேட்டிருக்கலாம். கோயில் எங்கள் வளவிலிருந்து நாலு வீடு தள்ளித்தான்.

நெய்யில் கொடுத்திருந்தாலும் பிள்ளை செத்திருக்கும் அம்மா என்று எழுதுகிற ஐயா சொன்னார். ஓம், செத்திருப்பாள். சாப்பிட்டுச் செத்திருப்பாள்.

மீதி இலையையும் கட்டு அவிழ்க்காத நெய்ப் போத்தலையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். பரியாரியாரை விட்டுவிடுங்கள். அவர் சொன்னது சரி, செய்தது நான். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இருக்கிறது, ஒருவரும் வெருட்டிச் சொல்லவைக்கவில்லை, எல்லாம் மெய் என்று கையெழுத்து வைத்தேன்.

யோ. யூலிற்றா
30.03.1999

கையெழுத்துக்குக் கீழே இன்னொன்று எழுதச் சொன்னேன். இது முறைப்பாட்டோடு சேராது என்று ஐயா சொன்னார். பிறகு எழுதினார். மகள் படுத்திருந்த கட்டிலிலிருந்து பார்த்தால் அலுமாரியும் அதன் மேல் கட்டிவைத்த போத்தலும் நேரே தெரியும்.

குஞ்சு, நெய் இல்லையெண்டு தெரிஞ்சுகொண்டே, என்ரை நேர்த்திக்காகவோ குடிச்சனீ?