ஐந்தாம் பத்தியில் அப்பாவின் உயிர்

நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் செல்லும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் ஓர் அக்காளும் தம்பியும் அமர்ந்திருந்தனர். அக்காள் தொடங்கினாள்.

"ஏலே, அப்பா பொழச்சாரா இல்லியாண்ணு அஞ்சாவது பத்தியிலயா சொல்லுவ?"

தம்பி ஓர் இணையச் செய்தித்தளத்தில் எழுதுபவன் என்பதும், தந்தையின் அறுவைச் சிகிச்சை பற்றிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குச் சேதி எழுதியவனும் அவனே என்பதும் இரண்டு நிறுத்தங்களுக்குள் எனக்கு விளங்கிவிட்டன.

"மொதல்லயே சொல்லிட்டா மீதிய யாரு வாசிப்பா, அக்கா? விரலால தள்ளிட்டு அடுத்ததுக்குப் போயிருவாவ."

"'தியேட்டர் கதவு திறந்தது, டாக்டர் சொன்ன அந்த ஒரு வார்த்தை'ண்ணு தலைப்பு வேற. மஸ்கட்டுல ஒனக்க சின்னக்கா அந்தத் தலைப்போட நிறுத்திட்டா. அழுதுட்டே டிக்கெட் போட்டு, இப்ப பிளைட்டுல இருக்கா. பிள்ளைக்கு நாளைக்குப் பரீட்சையாக்கும்."

"அஞ்சாவது பத்தியில 'நல்ல சொகமா இருக்காரு'ண்ணு தெளிவா போட்டிருக்கேன்."

"அது வரைக்கும் வாசிச்சது ஒரே ஒரு ஆளுதான்."

"யாரு?"

"அப்பா. கண்ணு முழிச்சதும் போனை வாங்கி, தான் பொழச்சாச்சாண்ணு பாக்க கடைசி வரி வரைக்கும் வாசிச்சாரு."

வாதத்தில் தோற்றவர் தலைகுனிவதே பட்டிமன்றங்களில் நான் அறிந்த மேடை மரபு. அவனோ முகம் மலர்ந்து நிமிர்ந்தான்.

"முழுசும் வாசிச்சாரா? எழுத்து எப்பிடி இருக்குண்ணு ஏதாவது சொன்னாராக்கா?"

"சாயங்காலம் ஒனக்க சின்னக்கா வந்து எறங்குவா. அவ சொல்லுவா, மக்கா."