ஓட்டுநர் பக்கத்துக் காற்றுப்பை

தேநீரில் வாசனைக்கு மரமியா மூலிகை இலை போட்டிருக்கிறீர்கள், நன்றி ஐயா. காவல் நிலையத்தில் இவ்வளவு நல்ல தேநீரை நான் எதிர்பார்க்கவில்லை.

முஹன்னதினுடையது பழைய ஜெர்மன் கார். அம்மானில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனால்தான் படிக்க முடிகிற விஷயங்களை, சல்ட்டில் என் வீட்டு வாசலிலேயே என் லேப்டாப் படித்துவிடும். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்த மென்பொருளைத் தேடிப் பிடித்து நானாகவே கற்றுக்கொண்டேன். ஸ்டியரிங்குக்குக் கீழே கேபிளைச் செருகினால் போதும், கார் தன் நோய்களையெல்லாம் சொல்லிவிடும்.

முஹன்னத் என் மருமகன். நல்ல பையன்தான். ஆனால் தெற்குக் கோடியில் இருக்கும் அகபா துறைமுகத்தில் வேலை கிடைத்ததும் என் மகள் ஹதீலையும் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டான். அவள் அம்மா இறந்த பிறகு எனக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான். கல்யாணமான பிறகும் மாடியிலேயே குடிவைத்திருந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவனே வந்து கேட்டான்.

“மாமா, டேஷ்போர்டுல சிவப்பு விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. கொஞ்சம் அணைச்சுக் குடுங்களேன். உங்கள விட்டா இதுக்கு வேற டாக்டர் யாரு?”

“அதுக்கென்ன, நீ போய்ப் பெட்டியக் கட்டு. நான் பாத்துக்கறேன்.”

பிரேக் பம்பின் ஆயுள் முடிந்துவிட்டது, உடனே மாற்று என்று திரையில் வந்தது. இதுவரை எத்தனை முறை பிரேக் அழுத்தியிருக்கிறது என்று கார் வைத்திருந்த கணக்கைப் பூஜ்யமாக்கினேன். விளக்கு அணைந்தது. அவன் கேட்டதும் அதைத்தானே. பிறகு, மோதும்போது விரிந்து ஆளைக் காக்கும் ஓட்டுநர் பக்கத்துக் காற்றுப்பை இந்தக் காரில் இல்லவே இல்லை என்று காரின் கணினியில் பதிவு செய்தேன். பக்கத்து இருக்கையின் காற்றுப்பையில் கை வைக்கவில்லை. வேலை செய்கிறதா என்று சோதித்தும் பார்த்தேன். என் மகள் உட்காரும் இடம் அல்லவா? அவன் இல்லாமல் போனால் அவள் வீடு திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். அதில் என்ன தவறான கணக்கு இருக்கிறது, சொல்லுங்கள்.

காலையில் ஹதீல் என் கையை முத்தமிட்டாள்.

“பாபா, மாத்திரைய மறந்துடாதீங்க. மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சுக்காதீங்க, ஈத் பெருநாளுக்கு வந்து நிப்பேன்.”

சாக்கடலுக்கு இறங்கும் வளைவுகளில் பிரேக் பிடிக்கவில்லை. கார் பாறையில் மோதி நின்றது. முஹன்னதுக்குக் கை உடைந்ததோடு சரி. மருத்துவமனையில் என் தோளில் சாய்ந்து அழுதான்.

“அவதான் ஆசப்பட்டா மாமா. கொஞ்ச நாளா நான்தான் ஓட்டச் சொல்லிக் குடுத்தேன். நல்லாத்தான் ஓட்டினா. உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கன்னு மறைச்சுட்டோம்.”

மறுநாள் ஹதீலை அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம்.

நான் செய்த எதையும் மறுக்கவில்லை ஐயா. எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். ஒன்றை மட்டும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். என் வீட்டில் இருந்தவரை ஒருநாளும் நான் அவளை ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. அவன் விட்டிருக்கிறான். அவனை என்னால் மன்னிக்கவே முடியாது.