தாலாட்டின் கடைசி இரண்டு சுரம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் சார். ஆனால் மேடைக்கு அடியில் நெம்புகோலை இழுத்தவரை முதலில் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

எங்கள் இசை நாடகத்துக்கு மெட்டுப் போட்டது நான். இயக்கியது என் தம்பி. மகளைத் தொலைத்த தாயின் கதை. முதல் காட்சியில் தாய் தொட்டிலருகே ஏழே சுரம் கொண்ட ஒரு தாலாட்டை முனகுவாள். பிறகு சந்தையில், வளர்ந்த மகள் கூடை பின்னிக்கொண்டே தன்னையறியாமல் அதையே முனகுவாள். தாய் திரும்பிப் பார்ப்பாள். வசனமே கிடையாது; அரங்கம் முழுக்க மூக்கை உறிஞ்சும். கடைசியில் தாய் கிணற்றில் விழும்போது அது மறுபடி வரும்.

தம்பி முதல் இரண்டையும் வெட்டினான். "சும்மா சும்மா அதே ட்யூன் வருதுண்ணே. தேஞ்ச ரெக்கார்டு மாதிரி. கடைசியில மட்டும் போதும்." நடிகர்கள் சிரித்தார்கள். முன்னால் கேட்டிராத மெட்டுக்கு யார் அழுவார்கள்? ஒருவரும் அழவில்லை. அதற்கும் பழி என் தலையில்தான்.

கிணற்றுக்காக மேடைத் தரையில் ஒரு கதவு உண்டு; அடியில் நெம்புகோலை இழுத்தால் கீழ்நோக்கித் திறக்கும். அடியில் இருப்பவருக்கு மேலே நடப்பது தெரியாது. "அண்ணன் ட்யூன் முடிஞ்சதும் இழுங்க. வேற எங்கயும் அது வராது" என்று அவரிடம் சொல்லிவைத்தான். என் தாலாட்டைக் காலிங் பெல்லாக்கிவிட்டான்.

தினமும் காலையில் கதவின்மேல் மணல் மூட்டையை வைத்து, அதே மெட்டை வாசித்துச் சோதிப்போம். மூட்டைக்கு எதற்கு மெத்தை? மாலையில்தான் கீழே மெத்தை போடுவார்கள். செவ்வாய்க்கிழமை காலை, தாயாக நடிப்பவருக்கு நிற்கும் விதத்தைக் காட்ட, தம்பி மூட்டையை ஒதுக்கிவிட்டுக் கதவின்மேல் நின்றான். நான் வாசிக்க ஆரம்பித்தேன். மெத்தை இல்லை என்று எனக்குத் தெரியும்.

நாடகத்திலும் சோதனையிலும் அவன் கேட்டபடி மேளத்தோடு வேகமாக வாசிப்பேன். அன்று வெறும் ஆர்மோனியத்தில், மெதுவாக, எங்கள் அம்மா அவனைத் தூங்கவைத்த மாதிரியே வாசித்தேன். அது அம்மாவின் தாலாட்டு என்று நான் சொன்னதில்லை. அவனாகக் கண்டுபிடிக்கட்டும் என்றிருந்தேன்.

ஐந்தாவது சுரத்தில் அவன் முகம் மாறியது. நகரவில்லை. "அண்ணே, இது அம்மா..." என்றான்.

இன்னும் இரண்டு சுரம் இருந்தது. நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். அப்போதுதான் சார் அவன் கேட்கவே ஆரம்பித்திருந்தான், பாதியில் எப்படி நிறுத்துவது?