சி-யிலிருந்து டி-க்கு

பெரம்பலூரில் ஏறிய திருச்சி பஸ்ஸில் மூன்று பேர் சீட்டின் நடுவில் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி உட்கார்ந்திருந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். எடுக்கச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தபோது, பெட்டிக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"என்னைய மாதிரி கூமுட்டைய துபாய் பூராத் தேடுனாலும் பாக்க முடியாது மச்சான்."

"என்ன ஆச்சு?"

"ஹார்டு டிஸ்க் போவப் போவுது, காப்பி எடுத்து வையின்னு கம்ப்யூட்டரு ஒரு மாசமா எழுதிக் காட்டுச்சு. நானும் சி டிரைவ்ல இருந்த போட்டோ, வீடியோ பூராத்தையும் டி டிரைவுக்கு மாத்திட்டேன்."

"அப்பறமென்ன?"

"ரெண்டும் ஒரே டிஸ்க்குதானாம், சேந்தே போயிருச்சு. வூடு எரியுறப்ப ஹால்ல இருந்த பீரோவத் தூக்கி ரூம்புல வச்சிருக்கேன்."

"தங்கச்சி சொல்லலயா?"

"பென்டிரைவ்ல போடுங்கன்னா. பத்து வருசம் துபாய்ல இருந்தவனுக்கே சொல்லித் தரியான்னு கேட்டேன். அந்தப் பத்து வருசமும் புள்ள வளந்தது அதுலதான் இருக்கு. நேர்ல எங்க பாத்தேன்?"

"திருச்சிக் கடையில எடுத்துருவாங்க, இன்ஷா அல்லாஹ்."

பெட்டிக்காரரின் போன் அடித்தது. மகள்தான் போலிருக்கிறது. அவர் குரல் இறங்கிவிட்டது.

"ஒண்ணுமில்லம்மா. வாப்பா வந்ததும், நீ மொதமொத நடந்த மாதிரி ஒரு தடவ நடந்து காட்டுறியா?"