மீன் தட்டில் ஒரு கரித்துண்டு

ஏலப்பாறை பஸ்ஸில் எனக்கு எப்போதும் ஜன்னலோரம்தான். முன்பெல்லாம் இதே வழியில் ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டு போவோம், அது கிடக்கட்டும். முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் கேட்டாள்:

"ஏட்டி செல்வி, தட்டுல கரித்துண்டு வச்சது ஒரு குத்தமா?"

"என்ன கரி, மேரியக்கா?"

"எங்க ரிசார்ட்ல புகைபோட்ட சால்மன் மீனை ஒரேயொரு ரொட்டி மேல வச்சுக் குடுப்பாக. மூடுறதுக்கு மேல ரொட்டி கிடையாது, தொறந்தே கிடக்கும். காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவுல திங்கிற சாப்பாடாம். அதைத் தூக்கிட்டு, வெள்ளைக்காரம்மா தங்கியிருக்கிற வீட்டுக்குத் தேயிலைக்காட்டு வழியா நடக்கணும்."

"மீனைத் தொறந்தா கொண்டுபோவ? பேய் பின்னாலயே வருமேக்கா!"

"அதான் தெனமும் ஓரத்துல ஒரு கரித்துண்டு வச்சேன். நேத்து மேனேஜர் பாத்துட்டு, நாளைக்கு வா, வேலை இருக்கா இல்லையான்னு சொல்றேன்னுட்டாரு."

"நீ ஞாயித்துக்கெழமை தவறாம சர்ச்சுக்குப் போறவ. உனக்கென்ன பேய் பயம்?"

"என்னையக் கர்த்தர் பாத்துக்குவாரு. மீனை யாரு பாப்பா?"

அப்போது மேரியின் போன் அடித்தது. "சார், சார்" என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு போனை மடியில் வைத்தாள்.

"வேலை போச்சாக்கா?"

"இல்லட்டி. இன்னைக்கு வேற ஆளு கொண்டுபோனானாம். தட்டுல கரியைக் காணோம்னு வெள்ளைக்காரம்மா மீனைத் தொடவே மாட்டேங்குதாம். சீக்கிரம் வந்து வையின்னு சொல்றாரு."

செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிக்காதட்டி," என்றாள் மேரி. "பாவம், அவுக ஊர்லயும் பேய் இருக்கும்போல."