வீட்டோ அம்மாவின் பதிவேடு

அவைத் தலைவர் அவர்களே, துறைப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, முன்வரிசையில் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பதிவாளர் அவர்களே, வணக்கம்!

என் முழங்கால் நடுங்குகிறது. இரங்கல் கூட்டமாயிற்றே, துக்கம் என்று நினைத்து இரக்கப்படாதீர்கள். பயம்! கலப்படமில்லாத பயம்!

சர்வதேச உறவுகள் பேராசிரியை, நம் வீட்டோ அம்மா! ஐ.நா.வில் வல்லரசுகள் எதையும் தடுக்க வைத்திருக்கும் வீட்டோ அதிகாரம் போல, அவர் ஒற்றை விரலை உயர்த்தினால் ஏழு கண்டங்களிலும் வாதங்கள் செத்து விழும். இருபத்தாறு ஆண்டுகள் பக்கத்து அறையில் இருந்த நானே எழுபது முறை செத்திருக்கிறேன்.

அவர் வகுப்பில் மாணவருக்குப் பெயர் உண்டா? கிடையாது! முதல் நாளே சீட்டுக் குலுக்கல். கைக்கு வந்த நாட்டின் குரலாக, பிடிக்காவிட்டாலும், ஆண்டு முழுக்கப் பேச வேண்டும். யார் எந்த நாடு என்பது ஒரே ஒரு பதிவேட்டில் இருக்கும்.

போன மாதம், எல்லையில் நம்மோடு மல்லுக்கு நிற்கும் நாட்டின் சீட்டை எடுத்த பிள்ளை, நம் அரசை நார்நாராகக் கிழித்தது. விஷயம் வெளியே கசிந்தது. பதிவாளர் வந்தார்.

"யாரும்மா பேசினது?"

"எதிரி நாடுங்க."

"விளையாடாதீங்க. மேலேருந்து கேக்குறாங்க."

"அவங்களையே வகுப்புக்கு வரச் சொல்லுங்க. ஒரு சீட்டு மிச்சமிருக்கு."

அறுபது மாணவருக்கும் அந்தப் பெயர் தெரியும். ஒரு வாய் திறந்ததா? இதைவிடப் பெரிய பாடம் உண்டா?

நெஞ்சுவலியோடு மருத்துவமனைக்குக் கிளம்பும்போது பதிவேட்டை என் கையில் திணித்தார். "என்கிட்ட ஏம்மா?" என்று அலறினேன்.

"பயந்தாங்கொள்ளிகிட்ட இருந்தா யாருமே சந்தேகப்பட மாட்டாங்க."

அம்மா உயிரோடு திரும்பவில்லை. பதிவாளருக்கோ என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நாளை பத்து மணிக்குப் பதிவேட்டோடு வரச்சொல்லி எனக்குக் கடிதம். என் மனைவி காலையிலேயே சொல்லிவிட்டாள்: "ரிடையர் ஆக மூணு மாசம்தான் இருக்கு. பேசாம குடுத்துட்டு வாங்க."

குடுத்துவிடலாம்தான். ஆனால் அந்தப் பிள்ளை இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. என்னைவிட அதிகமாக நடுங்குகிறது.

பதிவாளர் அவர்களே, நாளை பத்து மணிக்கு வருவேன். வெறுங்கையோடு வருவேன்! அதற்குமுன் ஒன்பது மணிக்கு வீட்டோ அம்மாவின் வகுப்பை நான் எடுப்பேன். எதிரி நாடு வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பேச வேண்டும். வராவிட்டால் ஆப்சென்ட்!

இனி, யாராவது வந்து கையைப் பிடித்து இறக்கிவிடுங்கள். வாய் சொன்னதைக் கால் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.