வெளிப்பூட்டு

டிரம்ஸ் வாசிப்பவனுக்குப் பொறுமை முக்கியம், ஐயா. மற்றவர்கள் ஆடலாம், குதிக்கலாம். நான் தாளம் தப்பக் கூடாது. பதினோரு வருடத்தில் ஒருநாளும் தப்பியதில்லை.

எங்களுடையது நியூ வேவ் ராக் குழு. பாடுபவன் என் மனைவியின் தம்பி. அவன் எழுதிய ‘வெளிப்பூட்டு’ நாங்கள் மூன்றாவதாகத் தனி இசைத்தட்டாக வெளியிட்ட பாட்டு. நாய்கூடச் சீந்தவில்லை. வானொலியில் இரண்டு முறை போட்டார்கள், அவ்வளவுதான். மனைவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கும் ஒருவனைப் பற்றிய பாட்டு. நானே ரசித்துத்தான் வாசித்தேன்.

இசைத்தட்டு வந்த வாரம், பூட்டை இழுப்பதில் நீயும் அப்படித்தானே என்று கீபோர்டுக்காரன் சிரித்தான். சுருக்கென்றது. மறுநாள் மத்தியானம் பயிற்சி அறையில் மைத்துனன் தனியாக இருந்தான். யாரைப் பற்றிய பாட்டு என்று கேட்டேன். கிட்டாரைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னான்:

“உங்களப் பத்திதான் அத்தான். வாசிச்சும் உங்களுக்கு ஒறைக்கலையே. ஆறு வருசமா அக்கா ஜன்னல் வழியாத்தான் எங்கிட்ட பேசுறா. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்.”

ஊரெல்லாம் பாடிவிட்டுக் கடைசியில் என்னிடம் சொல்கிறான். அதுவும் என் தாளத்தில்.

அவளுக்கு நான் என்ன குறை வைத்தேன்? ஜன்னல் இருந்தது. அதை வைத்தே எனக்குக் குழி பறித்தாள்.

நான் சத்தம் போடவில்லை. “சரி மாப்ள” என்றேன். வெளியே வந்து பூட்டினேன். சத்தம் வெளியே போகாமல் சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய அறை. ஒட்டியது நாங்கள் இருவரும்தான். உள்ளே தண்ணீர்க் குழாய் கிடையாது. அவன் வெளியூர் போயிருக்கிறான், ஒத்திகை இல்லை என்று மற்றவர்களிடம் சொன்னேன்.

தினமும் போய்க் கதவிடுக்கில் காதை வைத்தேன். இரண்டாம் நாள் திட்டினான். மூன்றாம் நாள் “அத்தான், அத்தான்” என்றான். நான்காம் நாள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். தாளமே இல்லை. ஆறாம் நாள் ஒன்றும் கேட்கவில்லை. எட்டாம் நாள் கீபோர்டுக்காரன் சந்தேகப்பட்டுப் பூட்டை உடைத்தான்.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. கோபத்தில் என்று மட்டும் எழுதாதீர்கள்.

உங்கள்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. என் வீட்டு வாசலில் நான் வெளியே போட்டிருந்த பூட்டையும் உடைத்துத்தான் அவளைக் கூட்டி வந்தீர்களாமே. எதற்கு அந்த வீண் வேலை? தட்டியிருந்தால் அவளே வந்து திறந்திருப்பாள்.